கணுக்காலுக்கு மேலே

கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு நோர்மா. பார்சல்காரன் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தைக் கிரில் கம்பிகளுக்கு நடுவே நீட்டிவிட்டு, வெயில் கொளுத்துவதைப் பற்றி மலாயில் ஏதோ சொல்லிப் போனாள். புஷ்பவள்ளி அதைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்தில் பாயில் குப்புறப் படுத்திருந்த மோகனராஜ் முனகினார்.

“ஆ... அங்கதான். கொஞ்சம் மெதுவா.”

அவர் காலருகே யாரும் இல்லை. அவர் பாதத்தை அழுத்த அவள் வைத்திருந்த மரக்குச்சி தரையில் கிடந்தது. மின்விசிறி கடகடவென்று சுற்றிய சத்தத்தில் அவள் எழுந்து போனது அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. தலையணையில் முகம் புதைத்தபடியே, “அதே எடந்தான், விட்டுறாத,” என்றார். புஷ்பவள்ளி நின்ற இடத்திலேயே நின்று கணவரின் பாதங்களைப் பார்த்தாள்.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் வேறொருத்தியோடு சில வருடங்கள் இருந்துவிட்டு, ஒரு துணிப்பையோடு ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்குத் திரும்பி வந்தவர் அவர். அன்றைக்கு அவள் கிரில்லைத் திறந்துவிட்டாள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. சோறு வடிக்கும்போது அரிசியை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். கோலாலம்பூரிலிருந்து மகள் அதிரா, “ஏம்மா உள்ள விட்டீங்க?” என்று போனில் கத்தினாள். கோபம் வரும், அழுகையாவது வரும் என்று புஷ்பவள்ளியும் எத்தனையோ நாள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், தனித்தனியே தூங்கினார்கள்.

டோபிக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டு அவளுக்குத் தோள் இற்றுப்போகும். போனில் வீடியோ பார்த்து, எந்த இடத்தில் அழுத்தினால் எந்த வலி குறையும் என்று கற்றுக்கொண்டாள். மாத்திரை போட்டால் வயிறு எரியும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அவள் தன் கையைத் தானே அழுத்திக்கொள்வதை ஒருநாள் பார்த்தவர், “எனக்கும் இடுப்பு வலி தாங்கல,” என்று காலை நீட்டினார். இஸ்திரி மேசைக்கு வரும் அடுத்த சட்டையை எடுப்பதைப் போலத்தான் அவள் அந்தக் காலை எடுத்தாள். அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். காலை டிரிப் முடிந்து, சாயங்கால டிரிப்புக்குப் போகும்வரை வீட்டில்தான். அவளுக்கு வேலை இல்லாத மத்தியானங்களில் கணுக்கால் எலும்புக்கும் பின்நரம்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அழுத்துவது வழக்கமாகிப்போனது. அவர் முனகுவார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். குச்சியை எடுத்து, அதன் முனையைப் பள்ளத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழுந்திருப்பார்கள். அவர் அசையவே இல்லை. குச்சியை எடுத்தபோது தோலில் ஆழமாகக் குழி விழுந்திருந்தது. இந்தக் கால்தான் பிரேக்கை மிதிக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பஸ் நிறைய இரவு ஷிப்டுக்குப் போகும் பெண்கள்.

“நான் இங்க இல்லங்க,” என்றாள். “எந்திரிச்சிப் போயி நோர்மாகிட்ட பேசிட்டு வந்தேன்.”

அவர் முகத்தைத் திருப்பவில்லை. முனகலும் நின்றுவிட்டது.

“எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டாள்.

“தீபாவளிக்கு முன்ன இருந்தே. ரெண்டு காலும் மரத்துப் போச்சு.”

“சக்கரைக்குக் குடுத்த இனிப்பு நீர் மாத்திரை?”

“அப்பப்ப போடுறேன்.”

“ஒண்ணுமே தெரியலைன்னா அப்புறம் ஏன் தெனமும் காலை நீட்டுனீங்க?”

அவர் தலையணைக்குள்ளிருந்தே சொன்னார். “வேற எதுக்கும் நீ பக்கத்துல ஒக்கார மாட்டியே.”

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் தனக்குள் ஏதாவது உடையும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரின் சாவுச் செய்தியைப் பேப்பரில் படித்த மாதிரி இருந்தது. வார்த்தை புரிந்தது, அவ்வளவுதான்.

“பிரேக் எப்படித் தெரியுது?”

“முட்டி தெரியும். அத வச்சுத்தான் மிதிக்கிறேன்.”

“இன்னிக்கு பஸ் எடுக்காதீங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “பொண்ணுங்க ரோட்டுல நின்னுக்கிட்டு இருப்பாங்க லா. சொன்னா லைசென்ஸே போயிரும், வள்ளி. அப்புறம் நான் என்னா செய்யறது?”

“போகட்டும்.”

குரலை அவள் உயர்த்தவில்லை. அவருடைய போனை எடுத்து, அவருக்குப் பதிலாக ஓட்டும் கமாலைக் கூப்பிட்டாள். “தம்பி, அண்ணனுக்குக் காலு சரியில்ல. இனிமே நீங்கதான் எடுக்கணும். ஆமா, கிளினிக்குக்குத்தான் போறோம். இல்ல, நாளைக்கும் வர மாட்டாரு.” போனை வைக்கும்வரை அவர் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ யாரோ கழற்றிப் போட்ட சப்பாத்தைப் பார்ப்பது போலத் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதுவரைக்கும் மரத்திருக்கிறது என்று டாக்டர் கேட்பார். புஷ்பவள்ளி ஒரு பேனாவை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குச்சியைத் தொடவில்லை. கட்டைவிரலால் அவருடைய பெருவிரலை அழுத்தினாள்.

“இங்க?”

“இல்ல.”

உள்ளங்கால். “இங்க?”

“இல்ல.”

“பொய் சொல்லாதீங்க.”

“சொல்லல.”

குதிகால், கணுக்கால் என்று அவள் விரல் மெல்ல மேலே ஏறியது. தோல் வறண்டு செதில் விட்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு கையகலம் தாண்டியதும் அவர் மூச்சை இழுத்தார்.

“ம்.”

அவள் மறுபடி அழுத்தினாள். இம்முறை ஆடுசதை தானாகவே துடித்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அதன் ஓரமாகக் கோடு போட்டாள். வறண்ட தோலில் மை பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. நீலக்கோடு கோணலாகக் காலைச் சுற்றி வந்தது. அவர் அதையே குனிந்து பார்த்தார். பிறகு, அவள் கேட்காமலே, மற்ற காலையும் நீட்டினார்.