மரியோ திறந்த இடைவெளி

2009ஆம் ஆண்டு, ரொறன்ரோவில் பெற்றோல் லீற்றர் ஒரு டொலருக்குச் சற்றுக் கீழே விற்ற கோடையில், மரியோ கிறிஸ்துநாயகம் மைதானத்தில் திறந்த இடைவெளி ஒன்று மூட மறுத்தது. அதற்குள்ளிருந்து இடுப்புவரை நனைந்த சனம் நடந்து வந்தது. முன்னுக்கு ஒரு பெண் தையல் இயந்திரத்தின் தலைப்பாகத்தைத் தோளில் சுமந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கோழியொன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒருவர் வந்தார். அரங்கத்தில் இருந்தவர்கள் இது இடைவேளைக் காட்சிக்கான ஒத்திகை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கோழிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

மரியோ அந்த நகரத்துத் தொழில்முறை அணியொன்றின் ஃபுல்பாக். தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தோடு மோதி விளையாடும் அமெரிக்கக் கால்பந்து அது. கனடாவில் விதிகள் கொஞ்சம் வேறு. பந்தைக் காவி ஓடுபவன் இன்னொருவன். அவனுக்கு முன்னால் ஓடி, மறிக்க வருகிறவனை மோதித் தள்ளி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறப்பதுதான் ஃபுல்பாக்கின் வேலை. திறந்த வழி கண் மூடித் திறப்பதற்குள் மூடிவிடும். புகழ் பந்து வைத்திருந்தவனுக்குப் போகும், முதுகுநோ ஃபுல்பாக்குக்கு வரும். அவர்கள் குடியிருந்த ரெக்ஸ்டேலில் தேவாலயப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் அவனுடைய தாய் செலீனிடம் மகன் எத்தனை கோல் அடித்தான் என்று கேட்பார்கள். "அவன் பந்தைத் தொடுறேல்லை" என்று அவள் சொல்வாள். பந்தைத் தொடாத பந்தாட்டக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இரண்டு சம்பந்தங்கள் இதனாலேயே குழம்பின.

அந்த வேலையை மரியோவுக்குப் பழக்கியது எந்தப் பயிற்சியாளரும் அல்ல. 1990இல், பேசாலைக் கடற்கரையில், போருக்குத் தப்பி இந்தியாவுக்குப் போகும் படகுகளை நோக்கி ஊரே முண்டியடித்தபோது அவனுடைய அக்கா யூஜினி முன்னுக்குப் போனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஏழு. "பாவாடையைப் பிடி. திரும்பிப் பாராதை" என்று சொல்லிவிட்டு, முழங்கையாலும் தோளாலும் அந்தச் சனத்தைப் பிளந்தாள். தாயையும் தகப்பனையும் ஏற்றி, அவனைத் தூக்கிப் படகுக்குள் போட்டாள். படகில் அதற்குமேல் இடமில்லை. அடுத்த படகில் வருவேன் என்றாள். அடுத்த படகு என்று ஒன்று வரவில்லை. பிறகு வன்னியில் கலியாணம் கட்டி, அங்கேயே இருந்துவிட்டாள். மற்றவர்கள் இந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போனார்கள். தகப்பன் அவளைப் பார்க்காமலே அங்கே கண்ணை மூடினார். போர் வன்னியை நெருக்கிய 2009 மாசி மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

இனி வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். மரியோவின் சட்டை முதுகில் முழுப் பெயரையும் எழுத இடமில்லாமல் 'கிறிஸ்ரோ' என்று எழுதியிருந்தார்கள். மரியோ கிறிஸ்ரோ என்றால் இத்தாலியன்தானே என்று அணியில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் ஆம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நல்ல பஸ்தா எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டால் வழி சொல்வான். பொய் சொன்னால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும், சும்மா இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவன் கணக்கு.

அந்த வைகாசியில், அன்னையர் தின ஞாயிறு பின்னேரம், அவன் டெரிக்கின் வாகனத்தில் ஹமில்ரனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். டெரிக்தான் அணியில் பந்து காவுகிறவன், மரியோ திறக்கும் வழியால் ஓடுகிறவன். கார்டினர் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. முன்னால் தமிழ்ச் சனம் சாலையில் ஏறி, தள்ளுவண்டிக் குழந்தைகளோடு இருந்துவிட்டது. போரை நிறுத்து என்று கத்திய சத்தம் கண்ணாடியை மூடிய பிறகும் கேட்டது. யார் இந்த ஆட்கள், என்ன வேண்டுமாம் இவர்களுக்கு என்று டெரிக் எரிச்சலோடு கேட்டான். எனக்குத் தெரியாது என்றான் மரியோ, நல்ல ஆங்கிலத்தில்.

அப்போதுதான் வாகனங்களுக்கு இடையில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு செலீன் வந்தாள். மரியோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டான். ஆனால் ஃபுல்பாக்கின் அந்தத் தடித்த கழுத்தை எந்தத் தொப்பியால் மறைக்கலாம்? அவள் கண்ணாடியில் தட்டினாள், உள்ளே பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். டெரிக் கண்ணாடியை இறக்கிக் கடதாசியை வாங்கினான். செலீன் அவனுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போனாள். பெற்ற தாய் தன்னை அந்நியனாக விட்டுக்கொடுத்துக் காப்பாற்றியதை நினைக்க மரியோவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. வீட்டில் அவள் சோற்றை மூடி மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சாப்பிட்டியோ என்று அன்றிலிருந்து அவள் அவனைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் போர் முடிந்தது என்றது செய்தி.

கோடையில் முதல் ஆட்டத்திலேயே இடைவெளி திறந்து நின்றது. டெரிக் அதற்குள்ளால் ஓடிப்போன பிறகும், எதிராளியின் நெஞ்சில் தோளை ஊன்றியிருந்த மரியோவின் முதுகுக்குப் பின்னால் ஈரக் கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது. போரின் கடைசி நாட்களில் வன்னிச் சனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடந்த கடலோரக் களப்பின் உப்பு மணத்தது. யூஜினியாக இருக்குமோ என்று அவன் திரும்பினான். உடனே வழி மூடிக்கொண்டது. பாதி வந்திருந்த யாரோ ஒருவரின் செருப்பு மட்டும் செயற்கைப் புல்லில் கிடந்தது. ஃபுல்பாக் பின்னால் பார்க்கக் கூடாது என்று பயிற்சியாளர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அந்தச் செருப்பை மரியோ தன் அலுமாரியில் வைத்துக்கொண்டான். யாருடையது என்று அணியில் கேட்டபோது அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அவன் திரும்பவில்லை. அடுத்த ஆட்டத்தில்தான் தையல் இயந்திரக்காரியும் கோழிக்காரரும் வந்து சேர்ந்தார்கள். வருடங்கள் போயின. எதிரணிகள் முறையிட்டன. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்தார்கள். நடந்து வருகிறவர்கள் பந்தைத் தொடாதவரை தவறில்லை என்று தீர்ப்பாயிற்று. கடைசி ஆள் வந்து முடியும்வரை நடுவர்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார்கள். வழி கிடைத்தால் மட்டும் போதுமா, அணி எப்போதும் போல் தோற்றுக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி ஸ்காபரோவுக்கும் பிறம்ரனுக்கும் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா அது? உடுப்பு மட்டும் எத்தனை தரம் உலர்த்தினாலும் காயவில்லை. செலீன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தொலைநோக்கியோடு வந்து, வருகிற முகங்களைப் பார்ப்பாள். ஆட்டம் முடிந்ததும் மகனைப் பார்த்து இல்லை என்று தலையசைப்பாள். அந்த ஆறு பருவங்களில் அவர்களுக்குள் நடந்த முழு உரையாடலும் அதுதான்.

முழங்கால் இரண்டும் போய், இனி ஏலாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட வருடத்தில் கடைசி ஆட்டம் வந்தது. அடுத்த ஓட்டத்துக்குத் திட்டம் பேச அணி வட்டமாகக் குனிந்து நின்றபோது டெரிக் கேட்டான். இத்தனை காலம் கேட்காமல் விட்டதற்கு மன்னிக்கச் சொல்லி, உன் பின்னால் வரும் இந்த ஆட்கள் யார் என்று கேட்டான். மரியோவுக்குக் கார்டினரில் மூடிய கண்ணாடி நினைவுக்கு வந்தது. என் ஆட்கள் என்றான். நான் இத்தாலியன் இல்லை, தமிழன், அன்றைக்குக் கண்ணாடியில் தட்டியது என் அம்மா, என் அக்கா இன்னும் வரவில்லை என்றான். டெரிக் அவன் தலைக்கவசத்தில் மெதுவாகத் தட்டினான்.

அடுத்த ஓட்டத்தில் மரியோ மோதினான். வழி திறந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது, பாவாடையைப் பிடிப்பது போல.

"தம்பி, திரும்பாதை. அப்பிடியே நில்."

அவன் நின்றான். அழுதான், ஆனால் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் சனம் இருந்தது. எல்லோரும் வந்து முடிய இருட்டிவிட்டது. தலை நிமிர்ந்தபோது செலீன் தொலைநோக்கியை மடியில் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் பஸ் எடுத்து ரெக்ஸ்டேலுக்கு வந்தார்கள். யூஜினி ஈரச் சீலையோடு குசினிக் கதிரையில் இருந்தாள். காலடியில் தண்ணீர் தேங்கியது. செலீன் பழைய துவாய் ஒன்றை விரித்துவிட்டாள். இங்கே என்ன வேலை செய்கிறாய் என்று யூஜினி தம்பியைக் கேட்டாள்.

"முன்னுக்கு ஓடிப்போய் வழி எடுத்துக் குடுக்கிறது, அக்கா. பின்னால வாறவைக்கு."

"உதுக்குச் சம்பளமும் தருகினமோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு மரியோ தலையைக் குனிந்துகொண்டான். செலீன் மூன்று கோப்பைகளில் சோறு போட்டாள். அவனுடைய கோப்பையை நகர்த்தி வைத்தபோது, "சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.