ஆயில் குறையாத லாரி

டெல்மர் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோது ரோவீனா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"லைல் மூணு மணிக்கு வரான். ட்ரெய்லரோட" என்றார் டெல்மர்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். வச்சுப் பார்த்துட்டே இருந்தா மனசு மாறிடும்."

ரோவீனா காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். பழைய வண்டிகளை வாங்கும் லைலுக்கு விற்கப்போகிற, கொட்டகையில் நிற்கும் அந்தச் சிவப்பு லாரியைப் பற்றித்தான் பேச்சு. நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. டெல்மரும் அவருடைய முதல் மனைவி ஐலீனும் கல்யாணமான புதிதில், அப்போதே பழசாகிவிட்டிருந்த அதை வாங்கினார்கள். அதில்தான் கோதுமை ஏற்றினார்கள். பனிப்புயலில் மூத்த பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான். ஐலீன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. டெல்மரும் ரோவீனாவும் கல்யாணம் செய்துகொண்டு நான்கு வருஷம்.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்ததும் டெல்மர் கொட்டகைக்குப் போவார். அளவுக் கம்பியை உருவி ஆயில் அளவு பார்ப்பார், துணியால் கம்பியைத் துடைப்பார், தானியக் கிடங்கு வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் ரோவீனாவும் கூடப் போனாள். எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் பிடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில், 'மெதுவா இழு, அது உன் மாமியார் இல்ல' என்று ஐலீனின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சிரித்தாள். நான்காவது ஞாயிறு தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பிறகு டெல்மர் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஞாயிறு பதினொரு மணிக்கு அந்த எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டால் அவளுக்குள் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தும்.

போன ஞாயிறு டெல்மர் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பதில் நிற்க வேண்டிய ஆயில் பிரஷர் முள் பத்துக்கு இறங்கியிருந்தது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் பூஜ்யத்தைத் தொட்டது. மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது.

"வேற காரணம் எதுவும் இருக்காதா, டெல்?" ரோவீனா கேட்டு வைத்தாள். கேட்காவிட்டால் நன்றாக இருக்காது.

"வேற என்ன? பேரிங் தேஞ்சு போச்சு. இனிமே ஓட்டினா இரும்பும் இரும்பும் ஒரசி ஒரு நாள் எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும். எஞ்சினைக் கீழ எறக்கணும். எழுபத்து மூணு வயசுல, ஆபரேஷன் பண்ண முதுகை வச்சுக்கிட்டு நான் எறக்குவேனா?"

"ஆயில் குறைஞ்சிருக்கலாமே?"

"குறைஞ்சிருந்தா கொண்டாடியிருப்பேன். ஊத்தினா சிக்கல் தீந்துச்சு. மாசம் ஒரு கேன் குடிச்சுக்கிட்டிருந்த வண்டிம்மா அது. மே மாசத்துலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல. கம்பியை எடுத்தா அளவு அப்படியே நிக்குது, இன்னும் கொஞ்சம் மேலயே நிக்குது. வயசான காலத்துல உடம்பு தேறிடுச்சுன்னு நெனச்சேன்." அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "கழுவி வைக்கிறேன். அழுக்கா அனுப்ப வேணாம்."

அவர் போனதும் ரோவீனா துவைக்க வேண்டிய துணிகளை எடுத்துச் சேர்த்தாள். டெல்மரின் வேலை உடுப்பின் பையிலிருந்து, ஆயில் கம்பி துடைக்கிற கந்தல் வந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள் ரோவீனா. நாற்பது பால் பெட்டிகளில் எது திரிந்தது என்று திறக்காமலே சொல்லிவிடுவாள். டெல்மருக்கோ இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் மூக்கு அவிந்துவிட்டது. காபியும் கழுநீரும் அவருக்கு ஒன்றுதான். அந்தக் கந்தலில் ஆயில் வாசனையோடு பெட்ரோல் நெடி அடித்தது. ஏதோ கொஞ்சம் பட்ட மாதிரி இல்லை, பெட்ரோல் பங்க்கில் நிற்கிற மாதிரி.

அவளுக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் பாத்திரம் தெரியும். யாரும் ஊற்றாமல் சூப்பின் அளவு ஏறினால் எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். தண்ணீர் இறங்கினால் சூப் நீர்த்துப் போகும். குறையாத ஆயில், ஏறிக்கொண்டே போன ஆயில்! நீர்த்த ஆயிலுக்கு முள்ளை எப்படித் தூக்கத் தெம்பு இருக்கும்?

மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு லைல் வருவான். நான்கு மணிக்குக் கொட்டகை காலியாகிவிடும். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து டெல்மர் அவளோடு மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

ரோவீனா கந்தலை வாஷிங் மெஷினுக்குள் போட்டாள். மூடியைச் சாத்தினாள். மெஷினை ஓடவிடும் திருகின் மேல் விரலை வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே டெல்மர் தெரிந்தார். வலிக்கிற முதுகோடு தரையில் ஒருக்களித்துப் படுத்து, லாரியின் சக்கரத்துக்கு மேலே, உள்பக்கத் தகட்டில் அப்பியிருந்த மண்ணைக் கையாலேயே தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். லைல் அங்கே பார்க்கவே மாட்டான். யாரும் பார்க்கமாட்டார்கள். ஐலீனைக் கடைசி வருஷம் இப்படித்தான் பார்த்துக்கொண்டாராம். நகம் வெட்டி, தலை சீவி, யாரும் வராத நாளிலும் நல்ல உடுப்பு மாட்டி. ஊரில் அதைச் சொல்லக் கேட்டுத்தான் ரோவீனா இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள்.

அவள் மூடியைத் திறந்து கந்தலை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வேகமாகத்தான் நடந்தாள்.

"டெல்! எந்திரி. இதை மோந்து பாரு."

"என் மூக்கு செத்துப் போச்சுன்னு உனக்குத் தெரியாதா? கிண்டலா?"

"அதான் வினையே. இது முழுக்கப் பெட்ரோல் நாறுது, மனுஷா. உன் ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு."

டெல்மர் படுத்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, கை துடைக்காமலே பானெட்டைத் தூக்கிக் கம்பியை உருவினார். ஆயில் குறிக்கு மேலே ஒரு விரல்கடை நின்றது. பையிலிருந்து துடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டையாக நிற்கவில்லை, கண் முன்னாலேயே வட்டமாகப் பரவியது.

"தேறிடுச்சுன்னு நெனச்சேனே" என்று மெதுவாகச் சொன்னார். "மூணு மாசமா கம்பியைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன், ரோ. முட்டாப்பய!"

டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினின் விலாவில்தான் இருந்தது, இரண்டே போல்ட். கழற்றி அதன் நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கினார். எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய பக்கம் பெட்ரோல் கசிந்து நனைந்தது.

"இங்க ஈரமே இருக்கக் கூடாது. உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சிருக்கு. பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போறதுல பாதி கீழ ஆயில்ல எறங்கியிருக்கு." அவர் முகம் மலர்ந்து உடனே சுருங்கியது. "ஆனா இந்தத் தண்ணியிலயே மூணு மாசம் ஓட்டியிருக்கேன். பேரிங் நெஜமாவே போயிருக்கலாம்."

"போயிருந்தா லைல் எடுத்துட்டுப் போகட்டும். போகலன்னா? பம்ப் எங்க கிடைக்கும், சொல்லு."

டவுனுக்கு இருபது மைல். பாகங்கள் விற்கிற கடையில் கீழ்த்தட்டில் தூசியோடு ஒரு புது பம்ப் இருந்தது. ரோவீனா அதை மடியில் வைத்துக்கொண்டே காரை ஓட்டி வந்தாள். ஒன்றரை மணிக்கு அவள் திரும்பியபோது டெல்மர் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். டீ மாதிரி ஓடியது. பம்பை மாட்டி, புது ஆயில் ஊற்றிவிட்டு அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயே ஸ்டார்ட் பண்ணேன். முள்ளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல."

ரோவீனா ஏறி உட்கார்ந்தாள். சோக்கை மெதுவாக இழுத்தாள், காலால் ஸ்டார்ட்டரை மிதித்தாள். எஞ்சின் இருமியது, உறுமியது. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. முள் சிலிர்த்தது. பத்து. இருபது. நாற்பதைத் தாண்டி நின்றது.

"நாப்பத்தஞ்சு!" என்று கத்தினாள்.

"குளிர்ந்த ஆயில் அப்படித்தான் காட்டும். சூடேறட்டும், அப்பத்தான் உண்மை தெரியும்."

கால் மணி நேரம் அவர் வண்டியின் படியில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் ரோவீனா சொன்னாள்: "அந்தத் துணியை முதல்ல மெஷின்ல போட்டுட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். மூடிட்டேன்."

டெல்மர் திரும்பவில்லை. "திருகினியா?"

"இல்ல."

"நல்லவேளை. பெட்ரோல் துணியைப் போட்டுத் திருகியிருந்தா லாரி இருந்திருக்கும், வீடு எரிஞ்சு போயிருக்கும்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "கூப்பிடாம விட்டது என் தப்பு, ரோ. தலைவலின்னு நீ சொன்னது நெஜம்னே நெனச்சுக்கிட்டேன்."

"நாலு வருஷத் தலைவலியா?"

"எனக்கு மூக்கு மட்டுமா மந்தம்?"

எஞ்சின் நன்றாகச் சூடேறி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. முள் இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நாற்பது. டெல்மர் எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை விட்டு நெடுநேரம் அதையே பார்த்தார். "பேரிங்குக்கு ஒண்ணுமில்ல" என்றார். மறுபடியும் சொன்னார். ரோவீனாவின் நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்று இறங்கியது. இந்த வண்டிக்காக இப்படி இருக்கும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

மூன்று மணிக்கு லைல் ட்ரெய்லரோடு வந்து இறங்கினான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டான். தொப்பியைக் கழற்றினான்.

"என்னண்ணே இது, பொணம் தூக்க வந்தா பொணம் எந்திரிச்சுப் பாட்டுப் பாடுது? அபர்டீன்லேர்ந்து வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்."

"விக்கிறதா இல்லையான்னு உங்க அண்ணியைக் கேளு. உயிர் குடுத்தது அவதான்."

லைல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தான். "சொல்லுங்க அண்ணி. நல்ல விலை தரேன். கொட்டகையும் காலியாயிடும்."

"கொட்டகை காலியா இருந்து என்ன ஆகப்போகுது?" என்றாள் ரோவீனா. "ட்ரெய்லரை ஓரமா நிறுத்திட்டுக் கை கழுவிட்டு வா, லைல். பீச் பழம் போட்டுக் கூகன் கேக் சுட்டு வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு, கிடங்கு வரைக்கும் நான் ஓட்டுறேன். கியர் எப்படிப் போடுறதுன்னு ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து எனக்குக் கத்திச் சொல்லுங்க."