பெடலில் யார் கால்

சமீர்தான் காட்டிக்கொடுத்தான் என்பது காலை ஏழேகாலுக்கு, அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்தது. ஷர்மிளாவின் தங்கை போனில் சொன்னாள். "சமீர் அண்ணன்தான் வந்து அப்பா கிட்ட சொன்னாரு. அக்காவ மதுரைக்கு அனுப்பிட்டாங்க. இனிமே போன் பண்ணாதீங்க."

எட்டு மணிக்கு அவனோடு ஒரே பிரஸ் மெஷினில் வேலை.

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அந்த மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் தகட்டை அச்சுக்குள் வைப்பான். அடித்ததும் கையை விட்டு எடுப்பான். இன்னொருவன் ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை மிதிப்பான். மிதித்தால் ஐம்பது டன் இறங்கும். உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று இருந்தது. வேலை தாமதமாகிறது என்று போன மாதம் அதைக் கழற்றிவிட்டார்கள்.

அன்று பெடல் என்னுடையது.

ஆறாம் வகுப்பிலிருந்து சமீர் என் நண்பன். நான் காலேஜை விட்டபோது வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. இந்த வேலையை வாங்கித் தந்தவன் அவன். ஷர்மிளாவை நான் காதலிப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"இன்னா மச்சான், மூஞ்சி இப்டி கீது?"

"அவங்க அப்பா கிட்ட நீதான் சொன்னியா?"

தகட்டைப் பிடித்திருந்த சமீரின் கை நின்றது.

"கடைசி வருசம் படிக்கிறா நிர்மல். இட்டுகினு ஓடிடலாம்னு நீ சொன்ன. ஓடி எங்க வெச்சிருப்பே?"

"அத முடிவு பண்ண நீ யாருடா?"

"எவனாவது பண்ணணும்ல."

சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டான்.

என் கால் பெடலின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, வைத்திருந்தேன். அச்சுக்கு நடுவே அவன் மணிக்கட்டு தெரிந்தது. மிதிக்க நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். கெண்டைக்கால் இறுகியது. அவன் கை வெளியே வந்த பிறகுதான் மிதித்தேன். பதினொரு தகடு இப்படிப் போனது. பன்னிரண்டாவதற்கு அவன் கை நீண்டபோது மெஷினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் குணசேகரனிடம் போனேன். "சார், எனக்கு வேற மெஷின் குடுங்க."

"இன்னாடா, புருசன் பொண்டாட்டி சண்டையா?" என்று சிரித்தார். என்னை எதிரே இருந்த டிரில்லிங் மெஷினில் போட்டார். அங்கே இருந்த வேம்புலியைப் பெடலுக்கு அனுப்பினார்.

வேம்புலி கெட்டவன் இல்லை. ஆனால் கண் எப்போதும் மடியில் கிடக்கும் போனில் இருக்கும். அன்றைக்குக் கிரிக்கெட் வேறு. ரன் போனால் கால் தாளம் போடும்.

நான் துளை போட்டேன். ஒரு டிரில் பிட் உடைந்தது. மாற்றினேன். அதுவும் உடைந்தது. நான் என் மெஷினைப் பார்க்கவே இல்லை. வேம்புலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமீர் கையை உள்ளே விடும்போதெல்லாம் என் மூச்சு நின்றது, எடுத்ததும் வந்தது. அந்தக் கை போகட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நினைத்தவன் நான்.

பத்தரை இருக்கும். வேம்புலி போனைப் பார்த்துத் துள்ளினான். கால் எழுந்தது. சமீரின் கை உள்ளே இருந்தது.

"சமீரு! கைய எடுடா!"

அவன் பின்னால் சாய்ந்தான். வேம்புலியின் கால் பெடலில் விழுந்தது. ஐம்பது டன் வெறும் தகட்டின் மேல் இறங்கியது.

ஓடிப்போய் வேம்புலியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.

"இன்னா நைனா, நான் இன்னா பண்ணேன்?"

"எந்திரி. போய் டிரில்லு போடு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சமீர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"மச்சான்…"

"பேசாத. உன் மேல கீற ஆத்திரம் அப்டியே கீது."

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று அதைப் பெடலிலிருந்து நகர்த்தித் தரையில் வைத்தேன்.

"இன்னா பாக்குற? கைய உள்ள உடு."