நூற்று நாலு டிகிரிப் பாட்டு

பாடகி வெர்டெல் ஸ்டோக்ஸின் நேரடிக் கச்சேரி இசைத்தட்டைப் போட்டால் அறை சூடாகும். முதல் பக்கத்துக்கு ஃபாரன்ஹீட்டில் எண்பது டிகிரி, இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டுக்கு நூற்று நாலு. 1966 இலையுதிர் காலத்தில் கடைக்கு வந்த அந்தத் தட்டு சிகாகோ தெற்குப் பகுதியில் நாலு டாலருக்கு விற்றது. டெட்ராய்டில் ஒருவர் காலுறைகளை அதன் பக்கத்தில் காயப்போட்டார். கிளீவ்லாந்தில் ஒரு போதகர் சபைக்கூடத்தையே அதை வைத்துத்தான் கதகதப்பாக வைத்திருந்தார். விஸ்கிப் பாட்டு வரும்போது மட்டும் ஊசியைத் தூக்கிவிடுவார். அந்த மூன்று நிமிடமும் சபையார் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தட்டு பதிவானது ஜார்ஜியாவில், மேக்கன் நகரத்து நடன அரங்கில், ஆகஸ்ட் மாத ஞாயிறு மதியம். லாரிச் சத்தம் மைக்கில் விழக்கூடாதென்று கம்பெனி ஆள் ஜன்னல்களையெல்லாம் ஆணியடித்து மூடியிருந்தான். உள்ளே ஆயிரத்து நூறு பேர். அந்த நூற்று நாலு டிகிரிப் பாட்டு, ஜூன் மாதம் இறந்துபோன அம்மாவை நினைத்து வெர்டெல் கட்டிய புதுப் பாட்டு. இரண்டாவது அடியில் வரிகள் சுத்தமாக மறந்துபோயின. கூட்டத்திலிருந்து ஒரு ஆள், "மெதுவா வாம்மா, மெதுவா!" என்று கத்தினான். ஆயிரத்து நூறு பேரும் கைதட்டித் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், அவள் திரும்பி வரும்வரை. அதை அவள் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் பாட்டை வெட்டிவிடச் சொல்லி மன்றாடினாள். கம்பெனி வெட்டவில்லை. அவள் மேடையை விட்டுவிட்டு சிகாகோவுக்கு வந்து, மோசெல் கெய்ன்ஸ் நடத்திய முடியலங்காரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மோசெல் குடியிருந்த கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு வீடு பிடித்தாள். தன் தட்டை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை தொடங்கிய பனி மறுநாளும் விடவில்லை. தெருவில் பஸ்கள் புதைந்து நின்றன. முதல் நாளே கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் வெடித்துவிட்டது. கீழ்வீட்டு ஒஸெல்லாவுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மோசெல் வெர்டெலின் தட்டோடு அங்கே இறங்கி வந்தாள். வெர்டெலும் மற்றவர்களும் போர்வையோடு வந்தார்கள். முதல் பக்கம் சுழன்றும் அறை ஐம்பதைத் தாண்டவில்லை. ஜன்னல் இடுக்கில் குளிர் நுழைந்துகொண்டே இருந்தது.

"அடுத்த பக்கத்தத் திருப்புறேன்," என்றாள் மோசெல்.

"அக்கா, அது மட்டும் வேண்டாம். நான் மேல போயிடறேன்," என்றாள் வெர்டெல்.

"ஏண்டி, புள்ளைக்கு உதடு நீலம் பூத்துட்டு வருது. உன் வெக்கம் அதவிடப் பெருசா?"

வெர்டெல் குழந்தையைப் பார்த்தாள். "போடு," என்றாள்.

அன்றும் மறுநாளும் அந்தப் பாட்டு எண்பத்தேழு தடவை ஓடியது. அவள் ஒவ்வொரு தடவையும் மறந்தாள். அந்த ஆள் ஒவ்வொரு தடவையும் கத்தினான். குழந்தையின் உதடு சிவந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தட்டு தேய்ந்து, ஊசி வழுக்கத் தொடங்கியது. பிறகு பாட்டே இல்லை, கரகரப்பு மட்டும். குழந்தையின் குளியல் தண்ணீரில் வைக்கும் வெப்பமானி எழுபது, அறுபது, ஐம்பது என்று இறங்கியது. குழந்தை அழுவதை நிறுத்தியபோது ஒஸெல்லா பயந்துபோனாள்.

வெர்டெல் அடுப்பங்கரை முக்காலியில் ஏறி நின்றாள். ஐந்து மாதமாகப் பாடாத தொண்டை. முதல் அடி வந்தது. வெப்பமானி எழுபதுக்கு ஏறியது. இரண்டாவது அடியில், அதே இடத்தில், மறுபடியும் மறந்தாள்.

மூலையில் போர்வைக்குள் இருந்த பஸ் ஓட்டுநர் டாலிவர் தலையை நீட்டினார். "அவசரமில்ல தாயி, மெதுவா வா. நாங்க எங்க போகப்போறோம்? கதவத் தொறந்தா பனிதான்."

அறையே சிரித்தது. கை தட்டிக்கொண்டே சிரித்தார்கள், தாளம் தப்பாமல். அவர்கள் முகங்களை வெர்டெல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை. அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். மேக்கனில் விளக்கு கண்ணில் அடித்ததில் அவள் எந்த முகத்தையும் பார்த்திருக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வரியும் வந்தது. வெப்பமானி நூற்றாறில் போய் நின்றது. மோசெல் கோட்டைக் கழற்றி வீசினாள். டாலிவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். பனி உள்ளே வந்து நடு அறையில் மழையாகப் பெய்தது.

பாய்லரை ஏப்ரலில் பழுது பார்த்தார்கள். அதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. வெர்டெல் அந்த வசந்தத்திலிருந்து மறுபடியும் மேடையேறி இருபத்திரண்டு வருடம் பாடினாள். கிளப் முதலாளிகள் ஒப்பந்தத்தில் அவள் பெயருக்குக் கீழே மின்விசிறி எட்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஒஸெல்லாவின் மகள் எந்தக் குளிர்காலத்திலும் கோட்டுப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பனி நாட்களில் டீச்சர்கள் சின்னப் பிள்ளைகளை அவள் பக்கத்தில் உட்காரவைப்பார்கள்.