நோலெந்தி கட்டிய நாலு மூலை வீடு

தென்னாப்பிரிக்காவில் கேப் காலனிப் பார்லிமெண்டு புதிய ஓட்டுச் சட்டம் போட்ட வருஷம், அமத்தோலா மலையடியில் உள்ள ம்கோமா ஊரில் ஓட்டிழந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே இரவில் வாய் தைக்கப்பட்டது. யார் தைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. எழுந்து பார்த்தபோது உதடுகளில் கறுப்பு நூலில் நெருக்கமான தையல் இருந்தது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஓரத்தில் ஒரு நாணல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்ததால் புளித்த பாலையும் கூழையும் உறிஞ்சிக் குடிக்க முடிந்தது, யாரும் பட்டினியால் சாகவில்லை. மிஷன் டாக்டர் தன் கத்தரிக்கோல் முறிந்ததும் கைகழுவிவிட்டார். வெள்ளைக்காரர்களோடு நடந்த கடைசிச் சண்டையில் தோற்று, துப்பாக்கிகளை ஒப்படைத்து, மலைக்கு அந்தப் பக்கத்து நிலத்தையும் பறிகொடுத்த பிறகு அந்த ஜனங்களிடம் மிஞ்சியிருந்தது ஓட்டு ஒன்றுதான். அப்போது பெட்டியும் கிடையாது, சீட்டும் கிடையாது. கோர்ட்டு மேஜைக்கு முன்னால் நின்று வேட்பாளர் பெயரை உரக்கச் சொன்னால் அதுதான் ஓட்டு. ஊர்ப் பொதுநிலத்தில் குடியிருப்பது இனிமேல் கணக்கில் சேராது, தனக்கென்று இருபத்தைந்து பவுன் பெறுமான வீடு வேண்டும் என்றது சட்டம். ம்கோமாவில் எல்லோரும் பொதுநிலத்தில்தான் குடியிருந்தார்கள். பெண்களின் வாயை மட்டும் யாரும் தைக்கவில்லை. அவர்களுக்கு எந்தக் காலத்திலும் ஓட்டு இருந்ததில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு வாயே இல்லாதபோது எதைத் தைப்பது?

நோலெந்தியின் கணவன் ம்போவானே ஊரிலேயே பெரிய பேச்சுக்காரன். கூட்டம் எதுவானாலும் முதலில் எழுவதும் கடைசியில் உட்காருவதும் அவன்தான். உண்மையைச் சொன்னால், வாய் தைத்த புதிதில் நோலெந்திக்கு அது நிம்மதியாகவே இருந்தது. பிறகு பயம் பிடித்தது. சொல்லாத பேச்செல்லாம் உள்ளேயே தங்கி அவன் எடை நாளுக்கு நாள் கூடியது. முக்காலி முறிந்தது, நடந்தால் கணுக்கால்வரை மண்ணில் புதைந்தது. இப்படியே போனால் இந்த மனிதன் ஒருநாள் பூமிக்குள் இறங்கிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அதே சமயத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், தான் ஜெயித்தால் ஊர் மேய்ச்சல் நிலத்துக்குக் கம்பிவேலி போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வட்டக் குடிசையை வீடென்று மேஜிஸ்திரேட்டு ஒப்புக்கொள்ளமாட்டார் என்று கேள்விப்பட்டதும் நோலெந்தி ஓடைக்கல்லை எடுத்து நாலு மூலை வீடு கட்ட ஆரம்பித்தாள். குடிசைச் சுவர் எழுப்புவதும் பூசுவதும் அங்கே பெண்கள் வேலைதான் என்பதால் மூலை திருப்புவது மட்டுமே அவளுக்குப் புதிது. இரண்டு முறை சரிந்தது, மூன்றாம் முறை நின்றது. ம்போவானே கல் சுமந்தான். அஸ்திவாரத்தை மிதித்து இறுக்க அவன் எடைக்கு ஈடான ஆள் ஜில்லாவில் இல்லை. வீடு முப்பது பவுன் பெறும் என்று மதிப்பு போட வந்தவர் சொன்னார். ஓட்டுரிமை விசாரணை நாளில் கோர்ட்டுத் தரைப் பலகை அவன் காலடியில் முனகியது.

துபாஷி த்யானி நோலெந்தியைக் குலப்பெயரால் அழைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மாம்பேலே, வீடு தன்னுதுன்னு அவரே வாயால சொல்லணும்னு துரை சொல்றாரு."

"தெச்ச ஊசி யாருகிட்ட இருக்குன்னு துரையைக் கேளு," என்றாள் நோலெந்தி. "அதுவரைக்கும் நான் சொல்றேன், எழுதிக்கச் சொல்லு."

"அவரு மனசுல இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாரு."

"தெரியாமப் போகுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் வாயை மூடினதில்ல. ஒருதரம் பேசிக்கிட்டே நடந்து, எங்க வீட்டைத் தாண்டிப் போயி, பக்கத்து வீட்டுல உக்காந்து அவங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, கூழுல உப்பு இல்லடின்னு அந்த வீட்டுக்காரியத் திட்டிட்டு வந்தாரு!"

ம்போவானேயின் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறான் என்றுதான் நினைத்தார்கள். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, பிறகு பட்டென்று ஒரு தையல் அறுந்தது, அதன் பின்னால் எல்லாம் வரிசையாக அறுந்தன. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு எத்தனையோ மாதத்துப் பேச்சும் வெளியேறியதால் மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன, பலகையும் முனகலை நிறுத்தியது. மேஜிஸ்திரேட்டு காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு, வீடு யாருடையது என்று மறுபடியும் கேட்டார்.

"இவ கட்டினது துரை," என்றான் ம்போவானே. "கல்லு நான் சுமந்தேன்."

"ரதேபே, ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்று அவன் குலப்பெயர் சொல்லி முணுமுணுத்தாள் நோலெந்தி. த்யானி சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தான். மேஜிஸ்திரேட்டு தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனைவி கட்டியதெல்லாம் கணவனுடைய சொத்தே, ஆகவே ஓட்டு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். இது நியாயமா என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ம்போவானே அதற்குள் வாசலில் நின்றவர்களிடம் பேச ஆரம்பித்திருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேர்தலுக்குள் ம்கோமாவின் பெண்கள் வரிசையாக நாலு மூலை வீடுகளைக் கட்டி முடித்தார்கள். ஒவ்வொரு விசாரணையிலும் ஒரு மனைவி தன் கணவனைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தது. ஒவ்வொரு வாயும் சிரித்துத்தான் திறந்தது. வாக்களிக்கும் நாளில் ம்போவானே மேஜைக்கு முன்னால் நின்று, வீட்டில் நோலெந்தி முடிவு செய்திருந்த பெயரைத் தெருவரை கேட்கும்படி சொன்னான். ஆட்டுப் பண்ணைக்காரர் தோற்றார், மாடுகள் பழைய இடத்திலேயே மேய்ந்தன. உதடுகளில் ஊசித் துளைகள் மட்டும் தூர்ந்துபோகவே இல்லை. மாலையில் ஆண்கள் சுங்கான் பிடிக்கும்போது புகை அந்தத் துளைகள் வழியாக இழை இழையாக வெளிவரும். காற்றடித்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள், அவ்வளவுதான்.