மாற்றாத பிரேக் ஆயில்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளில் ஒவ்வோர் ஆண்டும் அக்காவும் தம்பியும் மலைக்குப் போய்வருவார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இரண்டே இருக்கை, மடக்கிவிடும் கூரை, தரையோடு தரையாகப் பதுங்கிக்கிடக்கும் உடம்பு. கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஆளுக்குப் பாதி போட்டுப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார்கள். பிள்ளைகள் பிறந்து, இரண்டு வீட்டிலும் குடும்பத்துக்கென்று பெரிய வண்டிகள் வந்த பிறகும் இதை விற்க மனம் வரவில்லை. ஒரு மாதம் அக்கா வீட்டில், ஒரு மாதம் தம்பி வீட்டில். 'சின்னவள்' என்று பேர் வைத்தவர் அக்காவின் கணவர். "எனக்குக் கொழுந்தியா இல்லாத குறை தீர்ந்துச்சு" என்பார்.

சின்னவள் இத்தனை காலம் கட்டுக்குலையாமல் இருந்ததற்கு வண்டியிலேயே கிடக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்தான் காரணம். அக்கா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் எழுதி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். என்ஜின் ஆயில் மாற்றிய தேதி, டயர் மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர், கூரைத் துணியைத் துவைத்தது வரை எல்லாம் அதில் இருக்கும். கைவேலை தம்பியுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக்.

இந்த ஆண்டு மலைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு அந்த நோட்டில் அவன் ஒரு பொய் எழுதினான்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாளாக ஆக அதில் ஈரம் சேரும். பிரேக் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல் இருக்கும். இதெல்லாம் தம்பிக்குத் தெரியாததல்ல. புது ஆயில்கூட வாங்கி வைத்திருந்தான். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனது. ஒரு மாலை அக்கா போனில் கேட்டபோது, அலுத்துப்போய் வந்திருந்தவன் பேச்சை முடித்தால் போதும் என்று "மாத்தியாச்சுக்கா" என்றுவிட்டான். சொன்ன வாய்க்கு ஏற்றபடி நோட்டிலும் எழுதினான். நாளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் மாதம் முடிந்து, வண்டி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

வண்டி வாங்கிய நாள் வந்தது. மலை ஏறும்போது அவன் ஓட்டினான். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லை. உச்சியில் நின்று பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தபோது, சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தான். அக்கா சின்னப் பெண்போல் சிரித்துக்கொண்டிருந்தாள். மென்று விழுங்கிவிட்டான்.

இறக்கம் அக்காவின் முறை. கூரையை மடக்கிவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவின் விளிம்புவரை போய்த்தான் பிரேக்கை மிதித்தாள்.

"மெதுவாப் போக்கா."

"வருஷத்துல ஒரு நாள்டா. பேசாம உக்காரு."

ஆறாவது வளைவு தாண்டியதும் கருகிய வாடை மூக்கில் ஏறியது. தம்பி கதவின் வெளிவிளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பெடல் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கே" என்றாள் அக்கா. உடனே அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்: "ஆயில் புதுசு, அதனால அது இல்ல. பிரேக் பேட்தான் சூடாயிருக்கும். கீழ போய்ப் பாத்துக்கலாம்."

அவள் கணக்கில் பிழையில்லை. அவன் எழுதிய வரியை நம்பித்தான் அவள் கணக்குப் போடுகிறாள்.

"அக்கா, ஆயில மாத்தல."

"எந்த ஆயில?"

"பிரேக் ஆயில. நான் பொய் எழுதிட்டேன். கியரக் குறை, இப்பவே குறை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாலிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் கியரை இறக்கினாள். என்ஜின் அலறியது. வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை. அடுத்த வளைவில் பெடல் ஒரேயடியாகத் தரையைத் தொட்டது.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஆமைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு லாரி ஏறி வந்தது.

"விட்டு விட்டு மிதிக்கா! ஹேண்ட்பிரேக்க நான் பாத்துக்கறேன், நீ ஸ்டியரிங்க விடாத."

ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பஸ்ஸின் பின்கண்ணாடி பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி இருக்கையில் ஓர் அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"கைய உள்ள இழு" என்றாள் அக்கா, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். அவன் பக்கமிருந்த பாறைச் சுவரை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

தகரம் கிழிகிற சத்தம் அவன் பல்லுக்குள் இறங்கியது. கண்ணாடி தெறித்துப் பறந்தது. கதவு உள்நோக்கி வளைந்து முழங்காலை இடித்தது. பிறகு வண்டி நின்றுவிட்டது. பஸ் ஒன்றும் அறியாமல் அடுத்த வளைவில் மறைந்தது.

அவன் பக்கக் கதவு பாறையோடு ஒட்டியிருந்ததால் அவள் இருக்கை வழியாகத்தான் இறங்க முடிந்தது. அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

"அடி பட்டுச்சா?"

"இல்லக்கா."

அதன் பிறகுதான் அடுத்ததைக் கேட்டாள். "லிஃப்ட்டுலயும் இப்படித்தான் எழுதுவியா?"

அவள் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "சத்தியமா இல்ல. அதுல ஜனங்க ஏறுறாங்க."

"இதுல நான் ஏறினேன்."

மூன்று மாதம் அக்கா அவனோடு பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பி கதவை மாற்றினான், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தினான், பெயின்ட் அடிக்கக் கொடுத்தான். புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒட்டவில்லை. வெயிலில் பார்த்தால் தெரிந்தது. பிரேக் வேலையை மட்டும் கடைசிவரை தொடவில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் ஆயிலைத் திறந்துவிட வேண்டும். ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் அரை மணி நேர வேலை. அவன் அக்காவுக்குப் போன் செய்தான்.

வந்தாள். வணக்கமும் இல்லை, வசவும் இல்லை. ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிக்கா."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி. ம், இப்ப விடு."

நாலு சக்கரத்துக்கும் இதே பேச்சுதான். முடிந்ததும் பழைய ஆயில் வடிந்த பாட்டிலை வாங்கி, மருந்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கன்னங்கறுப்பாக இருந்தது.

"நானும் வரேன்னு நிக்காத. முதல்ல நான் தனியாப் பாத்துட்டு வரேன்."

வண்டி தெருமுனையில் திரும்பியது. ஐந்து நிமிடம் என்று நினைத்தான். பத்து ஆனது, இருபது ஆனது. தம்பி வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தான். போனை எடுத்தான், ஓட்டும்போது அடிக்கக்கூடாது என்று வைத்தான். நாற்பதாவது நிமிடம் அந்த என்ஜின் சத்தம் கேட்டது. கூரை மடங்கியிருந்தது, அக்காவின் தலைமுடி பறவைக்கூடாகக் கலைந்திருந்தது.

"என்னக்கா இவ்வளவு நேரம்? உயிரே போச்சு."

"ஏரி வரைக்கும் போனேன். நல்லா இருந்துச்சு." என்ஜினை அணைக்காமலே பக்கத்து இருக்கையைத் தட்டினாள். "கோபம் இன்னும் போகல. ஏறு."