டூலன் வீட்டு ஆடு

மலாக்கி டூலன் குதிரை திருடி, நாடுகடத்தல் தண்டனையில் கப்பலேறியவர். அதுவும் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துப் பண்ணையார் லாயத்திலிருந்து, சேணத்தோடு. கடல் கடந்த கைதிக் காலனியில், ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களில் பாதிப்பேர் கால்நடை விஷயமாக நாடு கடத்தப்பட்டவர்கள்தான். அதற்காக எல்லாரும் ஒன்றாகிவிட முடியுமா? தண்டனை முடிந்து, சொந்த நிலத்தில் சோளம் விளைவிக்கும் இந்த வயதிலும், சர்ச் பூசையில் மாட்டுத் திருடர்களுக்கு முன்வரிசையில்தான் அவர் உட்காருவார். பன்றித் திருடர்கள் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். கழற்றாதவர்களை அவர் மறுபடி பார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் வின்னியைப் பெண் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டெர்மட் கீலி வந்து நின்றான். நல்ல உயரம்; மழித்த முகம். ஏழு வருடத் தண்டனையை முடித்துவிட்டு மேய்ச்சல் நிலத்தில் கூலிவேலை பார்ப்பவன்.

"உக்காரு தம்பி. எதுக்காக உன்னைக் கப்பலேத்தினாங்க?"

"ஆடுங்கய்யா."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

மலாக்கி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஒண்ணா! ஒரு மந்தைன்னாலாவது வெளிய சொல்லிக்கலாம்."

அடுப்படியில் உப்புக்கறி வெட்டிக்கொண்டிருந்த மனைவி ஓனா திரும்பினாள். "நான் ஒரு வாத்துக்காகக் கப்பலேறினவ. என்னை மட்டும் எப்படிய்யா கட்டினே?"

"பொம்பளைங்களுக்குக் கணக்கு வேறடி. சும்மா இரு."

ஆட்டுக்குச் சொந்தக்காரர் பெரிய இடமாக இருந்தால் கொஞ்சம் இறங்கி வரலாம் என்று அவருக்குத் தோன்றியது. "யார் வீட்டு ஆடு? பிரபு வீட்டுதா?"

"இல்லீங்க. நாக்பெக் கிராமத்துல ஒரு குடியானவர். செந்தாடி ஓவன்னு சொல்வாங்க."

மலாக்கி எழுந்தார். ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு இன்னும் நிமிர்ந்தது. "அவன் என் கூடப்பொறந்த அண்ணன்டா! எங்க வீட்டு ஆட்டை அடிச்சுத் தின்னுட்டு எங்க வீட்டுலயே பொண்ணு கேக்குறியா?"

கதவோரம் நின்ற வின்னிக்கு முகம் வெளுத்துவிட்டது. டெர்மட் தொப்பியைக் கையில் பிசைந்தான்.

"வீட்டுல உருளைக்கிழங்கு மொத்தமும் அழுகிப்போச்சுங்கய்யா. வழியில நாலு மந்தை இருந்துச்சு. எல்லாத்தையும் தாண்டித்தான் அங்க போனேன்."

"ஏன் தாண்டினே?"

"மத்ததெல்லாம் எலும்பும் தோலும். ஓவன் ஐயா ஆட்டைப் பாத்தா கண்ணை எடுக்க முடியாது. அந்தக் கொழுப்பு வாசனை மூணு வீடு தாண்டிப் போய்த்தானே நான் மாட்டிக்கிட்டேன்."

மலாக்கி மெல்ல உட்கார்ந்தார். "எங்கப்பா வளத்த வம்சம் அது," என்றார் மனைவியிடம். "பையனுக்குக் கண்ணு இருக்கு." சொன்ன மறுகணமே முகம் இறுகியது. "ஆனா எங்க வீட்டுல கைவெச்சவனை எப்படி...?"

"விரட்டிவிடு," என்றாள் ஓனா. "ஏன் விரட்டினேன்னு ஊரு கேக்கும். டூலன் வீட்டுலயே திருட்டுப்போச்சுன்னு பன்னிக்காரனெல்லாம் சிரிப்பான்."

மலாக்கி மோவாயைத் தடவினார்.

"ஏண்டி, பொண்ணோட பெரியப்பா மாப்பிள்ளைக்கு ஆடு குடுக்குறது நம்ம பக்கத்து வழக்கம்தானே?"

"வழக்கம்தான்."

"அப்ப ஓவன் குடுத்திருக்கான். கொஞ்சம் முன்கூட்டி."

"வின்னிக்கு அப்ப பத்து வயசுய்யா!"

"அதான் முன்கூட்டின்னு சொல்றேன்ல! டூலன் வீட்டுல எதுவும் திருட்டுப்போனதில்லை. இவனுக்குத் தண்டனை குடுத்த நீதிபதி இங்கிலீஷ்காரன். நம்ம வழக்கம் அவனுக்கு என்ன தெரியும்?"

பேரம் முடிக்கும் ஊர் வழக்கப்படி அவர் தன் உள்ளங்கையில் எச்சில் துப்பி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குடும்பத்தின் பெயரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மகிழ்ச்சியில் டெர்மட்டுக்குத் தைரியம் வந்துவிட்டது. "சீரா ஒரு பசுமாடு குடுப்பீங்கன்னு வின்னி சொன்னா..."

"சீரா? அதான் குடுத்தாச்சே. நீயும் தின்னுட்டியே."

டெர்மட் வாயைத் திறந்தான். வின்னி அவன் காலை ஓங்கி மிதித்தாள்.